பிருங்கியின் மூன்றாம் கால்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், எங்கள் வளவின் மேற்கு மூலையில் நிற்கும் தென்னையின் குருத்தோலை, கத்தரிக்கோலால் நறுக்கியது போல முக்கோணமாக வெட்டுண்டு விரிந்திருந்தது. மரமேறும் அண்ணர் ஒருவரைக் கூப்பிட்டு, நுனியைக் கொக்கியாக வளைத்த கம்பியை மட்டையடித் துளைக்குள் விட்டு, உள்ளே இருந்த கருவண்டை இழுத்து எடுப்பித்தோம். அவர் அதை நசுக்கப்போன வேளையில் நான் தடுத்து வாங்கி, வெறும் ஜாம் போத்தல் ஒன்றுக்குள் இட்டு, பட்டறை மேசையில் வைத்துக்கொண்டேன். தென்னை வைத்திருக்கும் எவருக்கும் அந்த வண்டின்மீது இரக்கம் வருவதில்லை; எனக்கும் வரவில்லை. ஆனால் அடுத்த இரண்டு இரவுகள் மேசை விளக்கைச் சரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையிலிருந்து எழுந்து பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. வயிற்றின் அடியில் தேங்காய்த் தும்பை ஒட்டிவைத்தது போன்ற செம்பழுப்பு மயிர். மண்ணையும் மட்டையையும் கிளறுவதற்கென்றே அமைந்தது போல முன்னங்கால்களின் வெளி விளிம்பில் வாளின் பற்களாய் வரிசையிட்ட முட்கள். முதுகை மூடிய இரண்டு கடினமான மேற்சிறகுகளும் நடுக்கோட்டில் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்தியிருந்தன. கொக்கி பட்டு ஒரு பக்கச் சிறகின் ஓரம் சற்றே கிழிந்திருந்ததால், அதன் கீழே பறப்பதற்கான மெல்லிய சிறகு மடித்து வைக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. ஒரு தகட்டை இப்படிப் பொருத்த வேண்டுமானால் நான் எத்தனை தடவை அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் கேற், யன்னல் கிறில், நீர்த்தாங்கி நிறுத்தும் சட்டம் ஆகியவற்றை ஒட்டிக் கொடுப்பது என் தொழில். கடந்த 9 வருடங்களாக, பகல் வேலை முடிந்த பின்னர், கழிவிரும்பில் பூச்சிகளையும், பூச்சியும் மனிதரும் கலந்த கற்பனை உருவங்களையும் செய்து வருகிறேன். இப்போது பட்டறையின் நடுவில் நிற்பது 5 அடி 2 அங்குல உயரமுடைய பிருங்கி முனிவர். அந்த உருவத்தைச் செய்து முடிக்க எனக்கு ஏறக்குறைய 7 மாதங்கள் சென்றன. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பூச்சிக்கு உள்ளே என்பு கிடையாது. வெளியே உள்ள ஓடுதான் அதன் என்பு. தசைகள் அந்த ஓட்டின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு இழுக்கின்றன. தகட்டை வளைத்து ஒட்டுகின்ற எங்கள் தொழிலின் முறையும் அதுவே. நீர்த்தாங்கியும் எண்ணெய்ப் பீப்பாவும் உள்ளே வெறுமையாக இருந்துகொண்டு, வெளித்தகட்டின் வளைவிலிருந்தே தம் வலுவைப் பெறுகின்றன. எனவே இரும்பில் ஒரு வண்டைச் செய்யும்போது அதன் உடல் எப்படி அமைந்ததோ அப்படியே செய்ய முடிகிறது. மனித உடல் இதற்கு நேர்மாறானது. வலு முழுவதும் உள்ளே இருக்கிறது. வெளியே மெத்தென்ற சதை இருக்கிறது. இரும்பால் சதையைச் செய்வது மிகக் கடினம். இரண்டையும் ஓர் உருவத்தில் சேர்க்கும்போது, ஓடு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையில்தான் எல்லாச் சிக்கலும் வந்து நிற்கிறது. கற்பனை உருவங்களைச் செய்வோரில் பலர் அந்த எல்லையைக் கவசம் ஒன்றால் மூடிவிடுகிறார்கள். அப்போது பார்ப்பவருக்கு அது பூச்சி மனிதனாகத் தோன்றாமல், பூச்சி வேடம் போட்ட மனிதனாகவே தோன்றுகிறது. என்னுடைய முதல் 4 உருவங்களும் அப்படித்தான் அமைந்தன.

வேடம் என்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கவிழ்த்து வைத்த மீன் கரப்பைப் போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு, தலையில் முடியும் காலில் சலங்கையுமாக அரசன் களரிக்கு வரும்போது, அவன் நம்மூர் வயற்காரன் என்பது மறந்துபோகிறது. அந்த உடுப்பு ஆடுகின்றவனின் நடையையே மாற்றிவிடுகிறது. கைகளைத் தொங்கவிட முடியாமல் எப்போதும் உயர்த்தியே பிடிக்கச் செய்கிறது. ஆனால் கூத்தன் அசைகிறான், பாடுகிறான். என் இரும்பு உருவம் அசையாது நிற்பது. அதற்கு உடுப்பு மட்டும் போதாது.

அந்த எல்லையை எப்படிக் கடப்பது என்பதற்கு விடை, நான் சிறுவயது முதல் கேட்ட கதை ஒன்றிலேயே இருந்தது. கேதார கௌரி விரதத்தின் 21 நாட்களும் அம்மம்மா எங்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். காப்பு நூலின் 21 இழைகளை எண்ணிக்கொண்டு விரதக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிருங்கி முனிவர் சிவனை மட்டுமே வலம் வருபவர், அம்பாளைப் பொருட்படுத்தாதவர். அம்பாள் இறைவனோடு நெருங்கி வீற்றிருந்தபோது, முனிவர் வண்டாக உருவெடுத்து இருவருக்கும் இடையே துளைத்துச் சென்று இறைவனை மட்டும் சுற்றி வந்தார். சினங்கொண்ட அம்பாள் அவருடைய உடலிலிருந்து தம் கூறாகிய தசையையும் குருதியையும் வாங்கிக்கொண்டார். என்பும் நரம்புமாய் நிற்க மாட்டாமல் தள்ளாடிய முனிவருக்கு, ஊன்றிக்கொள்ள இறைவன் ஒரு தண்டைக் கொடுத்தார். கோயிற் சிற்பங்களில் அதே அருள் மூன்றாவது காலாக அமைந்திருக்கிறது.

வடமொழியில் பிருங்கம் என்றாலே வண்டுதான். பூவில் வந்து அமரும் மென்மையான கருவண்டு ஒன்றையே சிறுவயதில் நான் மனத்தில் கண்டிருந்தேன். போத்தலுக்குள் கிடந்த தென்னங் கருவண்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில், துளைத்துப் போன வண்டு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வண்டாக மாறியவரின் சதை போய்விடுகிறது. என்பு வெளியே வந்துவிடுகிறது. பூச்சியின் உடலுக்கும் மனிதரின் உடலுக்கும் உள்ள வேறுபாட்டையே அந்தக் கதை தண்டனையாக வைத்திருக்கிறது. ஆகவே பிருங்கியைச் செய்தால் நான் சதையைச் செய்ய வேண்டியதே இல்லை. ஓட்டிலிருந்து நேரே விலா எலும்புக்குப் போய்விடலாம்.

நம் சிற்பிகள் இதை வெகு காலத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் வாதாபியில் (பாதாமி) 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் குடைவரையில் அர்த்தநாரீசுவரருக்கு அருகே பிருங்கி வெறும் எலும்புக்கூடாக நிற்கிறார். பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைச் சோழர் கால மரபில் வார்த்த செப்புத் திருமேனிகளிலும், துருத்திய விலாவும் வற்றிய மார்புமாக, கையில் தாளத்தோடு அவர் இருந்து பாடுகிறார். அத்தகைய திருமேனி ஒன்று நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மெழுகில் விரல் இழுத்த அழுத்தம் விலாவின் ஒவ்வொரு பள்ளத்திலும் தங்கியிருப்பது போலத் தோன்றும். அழகான உருவம் ஒன்றைச் செய்வதற்கு வேண்டிய அதே கவனம், அழகைத் துறந்த உடலுக்கும் தரப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பண்பு இதுதான்.

பிற நாட்டுக் கலைஞர்களுள் எனக்கு நெருக்கமானவர் பிரான்ஸ் நாட்டின் ஜெர்மேன் ரிஷியே. 1902இல் பிறந்து 1959இல் மறைந்தவர்; புகழ்பெற்ற சிற்பி றொடானிடம் பணியாற்றிய பூர்தெல் என்னும் சிற்பியிடம் பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சுவிற்சர்லாந்தில் கழித்த அவர், 1946இல் கும்பிடுபூச்சியும் பெண்ணும் கலந்த வெண்கல உருவம் ஒன்றைச் செய்தார். 1953இல் எறும்புப் பெண் ஒருத்தியைச் செய்தார். அந்த எறும்புப் பெண்ணின் கைகால்களுக்கு இடையே கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. உடல் எந்தத் திசையில் இறுகி நிற்கிறது என்பதை அக்கம்பிகள் காற்றிலேயே கோடிட்டுக் காட்டுகின்றன. மாதிரிக்கு நிற்பவரின் உடலில் புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்து, கவராயத்தால் அளந்து வேலை செய்தவர் அவர். அவ்வளவு கணக்கின் மேல் நிற்பதால்தான் அந்த உருவங்களின் விசித்திரத்தை நாம் நம்புகிறோம் என்பது என் எண்ணம். பூச்சிச் சிற்பம் என்றதும் பலர் லூயிஸ் பூர்ஷ்வா 1999இல் உருவாக்கிய பெருஞ்சிலந்தியையே குறிப்பிடுகிறார்கள். அது 9 மீற்றருக்கும் மேல் உயர்ந்த மகத்தான படைப்பு. ஆனால் சிலந்திக்கு 8 கால்கள், அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. நிற்கும் முறையும் வேறு.

நிற்கும் முறை என்று சொல்லும்போது என் பழைய தோல்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். 5 வருடங்களுக்கு முன்னர் ஓர் எறும்பு மனிதனைச் செய்தேன். பழுதான நீரிறைக்கும் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கூட்டைத் துண்டாக்கி அதற்குப் பாதங்கள் அமைத்தேன். சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டிய அந்த வார்ப்பிரும்பு, இரவில் ஆறும்போது ஒட்டின் ஓரமாகவே வெடித்தது. அதை முன்கூட்டிச் சூடாக்கி, அதற்குரிய நிக்கல் குச்சியால் ஒட்டியிருக்க வேண்டும். பாதங்களை உருக்கில் மாற்றிச் செய்த பிறகும் உருவம் நிற்கவில்லை. 6 கால்களையும் தரையில் ஊன்றியிருந்தேன். எந்தத் தரையில் வைத்தாலும் ஏதோ ஒரு கால் மேலே நின்று, தொட்டால் ஆடியது. அதைக் கழற்றிவிட்டேன்.

காரணத்தைப் பின்னர் முசுறு என்னும் சிவப்பு மர எறும்புகளிடம்தான் அறிந்துகொண்டேன். மாங்கிளையில் ஊரும் முசுறு ஒன்றைக் கைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், அது ஒரு பக்கத்தின் முன்காலையும் பின்காலையும், மறுபக்கத்தின் நடுக்காலையும் ஒன்றாக ஊன்றுகிறது. ஏனைய மூன்றும் அந்நேரம் முன்னே நகர்கின்றன. பூச்சிகளுள் பெரும்பாலானவை வேகமாக நடப்பது இப்படித்தான். ஊன்றிய மூன்று புள்ளிகளும் ஒரு முக்கோணமாகின்றன. உடலின் பாரம் அதற்குள்ளேயே விழுகிறது. மூன்று புள்ளிகள் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் அமர்ந்துவிடும் என்பது அடுப்புக்கல் வைத்த நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிருங்கிக்கு இறைவன் கொடுத்த கால் மூன்றாவதாக இருப்பதில் இரும்பு வேலைக்காரனுக்கு வியப்பு ஏதுமில்லை.

உருவத்துக்கு வேண்டிய இரும்பின் பெரும்பகுதி காத்தான்குடியில் பழைய இரும்பு எடுக்கும், அண்ணன் முறையில் காக்கா என்று நாங்கள் அழைக்கும் ஒருவரிடமிருந்து வந்தது. நிறைக்கு விற்பவர் அவர். ஆனாலும் நான் தேடுவது இன்னது என்று தெரிந்த நாள்முதல் சிலவற்றை நிறைக்குப் போடாமல் ஒதுக்கி வைக்கிறார். "தம்பி, இந்த டாங்கியப் பாருங்க, நடுவால ரெண்டாப் பிளந்தா உங்கட வண்டுக்கு முதுகு இதுதான்" என்று மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கி ஒன்றைத் தூக்கிக் காட்டியவர் அவரே. அவர் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது. டாங்கியின் இரு பாதிகளும் நடுவில் ஒட்டப்பட்ட கோட்டிலேயே பிரிந்து, இரண்டு மேற்சிறகுகளின் குவிவை அப்படியே தந்தன. பழைய டாங்கியைத் தொடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: பெற்றோல் வற்றி வருடங்கள் ஆனாலும் ஆவி உள்ளே தங்கியிருக்கும், ஒரு பொறி போதும். சவர்க்கார நீரால் பலமுறை கழுவி, விளிம்புவரை நீர் நிரப்பி வைத்துக்கொண்டு, பொறி பறக்காத கைவாளால்தான் அதை அறுத்தேன். அதற்கு மட்டும் இரண்டு நாட்கள் எடுத்தன.

விலா எலும்புகள் சைக்கிள் றிம்மிலிருந்து வந்தன. றிம்மின் பள்ளம் உட்பக்கம் பார்க்கும்படி வைத்தபோது, கம்பி மாட்டும் துளைகள் வரிசையாக வெளியே தெரிந்தன. பூச்சிகளின் பக்கவாட்டில் மூச்சுத் துளைகள் வரிசையாக அமைந்திருப்பது நினைவுக்கு வந்ததால் அவற்றை அடைக்காமல் விட்டேன். முதுகெலும்பு சைக்கிள் செயின். கொம்பு, அறுவடை இயந்திரங்கள் வருவதற்கு முன்னர் எங்கள் குடும்பத்தில் நெல் அறுத்த தாக்கத்தி ஒன்று. முகத்துக்காகத்தான் நெடுநாள் அலைந்தேன். கண்ணும் மூக்கும் வைத்துச் செய்த மூன்று முகங்களையும் வெட்டி எடுத்துவிட்டேன். அவை எங்கிருந்தோ வந்த வேற்றுலகவாசியின் முகங்களாக இருந்தன. கடைசியில் அப்பாவின் தேய்ந்த மண்வெட்டித் தகட்டை எடுத்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் ஏற்றபடி சற்றே வளைத்து வைத்தேன். பல போகங்கள் சேற்றில் உரைந்து விளிம்பு காகிதம் போல மெலிந்திருந்தது. நடுவில் சுத்தியற் தழும்பு ஒன்று இருந்தது. அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அது வயதான ஒருவர் குனிந்து பார்க்கும் முகமாக இருக்கிறது.

தோளுக்குள், துருப்பிடிக்காதிருக்க நாகம் (துத்தநாகம்) பூசிய ஜி.ஐ. குழாயில் இரண்டு துண்டு வைத்தேன். அதில் ஒரு பிழை விட்டேன். மழை நாள் என்பதால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாகப் பூச்சைத் தேய்த்து நீக்காமலே ஒட்டினேன். இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிறது. வெண்புகை எழுந்தது; வாயில் ஒரு தித்திப்பு ஊறியது. இரவு 9 மணியளவில் குளிரும் காய்ச்சலும் தொடங்கி, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு நாளில் அது விட்டது. எல்லோருக்கும் அவ்வளவு இலேசில் விட்டுவிடும் என்று சொல்வதற்கில்லை. அந்தப் பூச்சை ஒட்டும் இடத்தில் முதலில் தேய்த்து நீக்குங்கள், புகைக் கவசம் அணியுங்கள், காற்றோட்டமான வெளியில் ஒட்டுங்கள் என்று இந்த வேலையில் இறங்கும் இளையவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கமும் உப்பு. 1924ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. துரு, அது உண்டான இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. ஆகவே வர்ணத்துக்குக் கீழே பிடித்தால் அதைக் கொப்புளமாக உயர்த்தி உரித்துவிடும். தேய்த்த இடத்தில் கைவேர்வை படுவதற்கு முன்னர் அன்றைக்கே துருவைத் தடுக்கும் றெட் ஒக்சைட் அடிப்பூச்சைப் பூசுகிறேன். வெறுமையான பாகங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் நீர் வடிய ஒரு துளை விடுகிறேன். மேற்சிறகுகளுக்கு மட்டும் வர்ணம் பூச மனம் வரவில்லை. தகட்டைச் சூடாக்கித் தேன்மெழுகு தேய்த்தபோது கருமையும் அடியில் சிறிது நீலமும் கலந்த மினுமினுப்பு வந்தது; போத்தலில் இருந்த வண்டின் நிறத்துக்கு அதுவே மிக அருகில் இருந்தது. அதனால் இந்த உருவம் முற்றத்துக்குப் போகாது, விறாந்தையில்தான் இருக்கும்.

பங்குனி மாதக் கடைசியில் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது எங்கள் வீட்டில் கேதார கௌரி விரதம் பிடிப்பவர் அவர். உருவத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மண்வெட்டி முகத்தை அடையாளம் கண்டு அதைக் கையால் தடவினார். பின்பு விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"வண்டுக்கு ஆறு கால்தானே மனே? இவருக்குக் கையையும் சேத்து எண்ணினாலும் அஞ்சுதானே வருது. மத்த ஒண்டு எங்க?"

என்னிடம் மறுமொழி இல்லை. மூன்று கால்களும் இரண்டு கைகளும் 5 தான். 7 மாதங்களாக அந்தக் கணக்கைப் பார்க்காமலே வேலை செய்திருக்கிறேன். அன்றிரவு படுத்திருந்தபோதுதான் விரதக் கதையில் வரும் தண்டு நினைவுக்கு வந்தது. சிற்பத்தில் கால் என்றும் கதையில் தண்டு என்றும் ஒரே அருளுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதாக எண்ணி, நான் ஒன்றைத் தெரிவு செய்து மற்றதை விட்டிருந்தேன். இரண்டையும் வைத்தால் 6 ஆகிறது.

ஆனால் தண்டையும் தரையில் ஊன்றினால் புள்ளிகள் நான்காகி, எறும்பு மனிதனைப் போல இவரும் ஆடத் தொடங்குவார். முசுறு நடக்கும்போது மூன்று கால்கள் ஊன்றியிருக்க, மூன்று மேலே இருக்கின்றன. இவருக்கும் கால்கள் மூன்றும் கீழே இருக்க, கைகள் இரண்டும் தண்டும் மேலே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அம்மம்மாவின் உலக்கை செல்லரித்துப் போய்க் கிடந்தது. அதன் அடியில் இருந்த இரும்புப் பூண் மட்டும் நெல் இடித்த பளபளப்போடு அப்படியே இருந்தது. அதைக் கழற்றி ஓர் இரும்புத் தண்டின் நுனியில் மாட்டி, வலக்கையோடு சேர்த்து ஒட்டினேன். பூண் தரையைத் தொடவில்லை. அதற்கும் சீமெந்துத் தரைக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது; முனிவர் அதை இப்போதுதான் தூக்கியிருக்கிறார்.